கண்ணையனின் எட்டாவது இடம்

கண்ணையனுக்குக் கருநாக்கு என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்தது கிரிக்கெட்தான். அதுவரை அவர் பத்தோடு பதினொன்றான ஆள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். கான்ட்ராக்ட் ஆளாக நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நுழைந்து, நாய் படாத பாடு பட்டு, கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மனைவி பார்வதியோடு அமைதியான குடித்தனம். ஒரே மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. ரிட்டயர் ஆகும்வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தவரைக் கனவு லீக் வந்து பிடித்துக்கொண்டது.

கனவு லீக் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஐபிஎல்லில் ஆடுகிற அத்தனை பேரையும் ஒரே குடத்தில் போட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டியது. முதல் ஷிஃப்ட் பஸ்ஸில் போகிற எட்டுப் பேர் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கொரு கனவு அணி சேர்த்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை இன்னொருவர் எடுக்க முடியாது. நிஜ மேட்சில் அவர் ரன் அடித்தாலோ விக்கெட் எடுத்தாலோ, அவரை வைத்திருப்பவருக்குப் புள்ளி. ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிற கிளார்க் இளம்பரிதி கணக்கைப் பார்த்துக்கொள்வான். தினமும் காலையில் யார் எந்த இடம் என்று வாட்ஸப்பில் வந்துவிடும். பந்தயம் எதுவும் கிடையாது, மானம் மட்டும்தான். அதற்கே அடிதடி வராத குறை.

இதில் கண்ணையனுக்கென்று ஒரு தனி வேலை உண்டு. சீசன் தொடங்குகிற அன்று, பஸ் டவுன்ஷிப்பைத் தாண்டியதும் அவர் எழுந்து நின்று கணிப்பு வாசிக்க வேண்டும். எந்த அணி எந்த இடத்தில் முடியும், ஏன் என்று, அணிக்கு ஒரு வரி நையாண்டியோடு. முதல் வருஷம் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. சீசன் முடிந்து பார்த்தால் எட்டு இடமும் அவர் சொன்னபடியே இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் கடைசி இடம் கொடுத்திருந்த மாடசாமி குளியலறையில் வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றார். அடுத்த வருஷம் கடைசி இடம் சின்னதுரைக்கு. அவருக்கு ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றல் வந்தது. போதாதா? பஸ்ஸே கூடி முடிவு கட்டிவிட்டது. கண்ணையன் நாக்கு கருநாக்கு, அவர் வாயால் எட்டாவது இடம் வாங்கியவனுக்கு வீட்டிலும் ஏதாவது நடக்கும்.

வெளியே ‘போங்கப்பா, மூடநம்பிக்கை’ என்று கையை உதறினாலும் கண்ணையனுக்கு உள்ளுக்குள் இனித்தது. இத்தனை காலம் அவர் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? இப்போது கேன்டீனில் சூடான வடை முதலில் அவர் தட்டில் விழுந்தது. புது பைக் வாங்கியவன் அவரிடம் மைலேஜ் பற்றிப் பேச்செடுக்கப் பயந்தான். வேண்டுமென்றே பாதி வார்த்தை சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்வார். எதிரில் இருப்பவன் வெலவெலத்துப் போவான். வீட்டுக்கு வந்து அதைப் பார்வதியிடம் சொல்லிச் சிரிப்பார். பார்வதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்ததில்லை.

சென்னை அணி தடையில் இருந்த இரண்டாவது வருஷம். சொந்த அணி இல்லாத துக்கத்தை எல்லோரும் கனவு லீக்கில்தான் தீர்த்துக்கொண்டார்கள். சின்னதுரை போன இடத்துக்கு ஜாகிர் வந்து சேர்ந்தான். அதே பெல்ட் பிரிவில் பல வருஷமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவன், கண்ணையனிடம் உயிராக இருப்பவன். சின்ன வயதில் மந்தாரக்குப்பம் மைதானத்தில் விக்கெட் கீப்பராக நின்றவனாம். அந்தப் பாசத்தில் தன் அணிக்கு நாலு விக்கெட் கீப்பர்களை எடுத்து வைத்தான். அதில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர்கள். அணியைப் பார்த்ததுமே கண்ணையனுக்கு எட்டாவது இடம் யாருக்கு என்று தெரிந்துபோயிற்று.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஜாகிரும் அவன் மனைவி முனவராவும் ஒரு தூக்கு நிறையப் பிரியாணியோடு வந்தார்கள். முனவரா நேரே சமையலறைக்குப் பார்வதியிடம் போய்விட்டாள். ஜாகிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இன்னா, சொல்லு.”

“பெர்மனென்ட் பண்றதுக்கு மெடிக்கல் வந்துருக்குதுண்ணே, மே மாசம். பிரஷர் வேற ஏறி ஏறி எறங்குது. இந்த வாட்டி வுட்டா வயசு தாண்டிடும், அப்பறம் கான்ட்ராக்ட்லயே சாவ வேண்டியதுதான். என்னைய எட்டாவதா மட்டும் போட்டுடாதீங்க.”

“அடப்பாவி, நீ எடுத்து வச்சிருக்கற டீமுக்கு ஒம்போதாவது எடம் இருந்தா அதத்தான்டா குடுக்கணும்.”

ஜாகிர் சிரிக்கவில்லை. கண்ணையனும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். சமையலறையில் இரண்டு பெண்களும் குரலைத் தாழ்த்தி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வதி பிரியாணிக்குப் பக்குவம் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கணிப்பை எழுத உட்கார்ந்தார். கருநாக்கு, பலிக்கிறது, இதெல்லாம் சும்மா என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ‘எட்டு, ஜாகிர்’ என்று எழுதக் கை வரவில்லை. மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒருவனுக்கு மகள் பரீட்சை, ஒருவனுக்குப் பாதியில் நிற்கிற வீடு, ஒருவருக்குப் படுக்கையில் இருக்கிற அப்பா. யாரைத் தூக்கி எட்டில் போட்டாலும் மனசு உறுத்தியது. கடைசியில் தன் பெயரையே எழுதினார். அவர் கணக்குப்படி அவருடைய அணி இரண்டாவது வர வேண்டியது. அதனால் இது கணிப்பே இல்லை, சுத்தப் பொய். பொய் எப்படிப் பலிக்கும்? தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு, ஜாகிருக்கு ஐந்தாம் இடம் கொடுத்தார்.

பஸ்ஸில் வாசித்தபோது ஏழாவது இடம் வரைக்கும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. “எட்டாவது, கண்ணையன். இந்த அணியின் தலைவருக்கு வாய் ஒன்றுதான் ஃபார்மில் இருக்கிறது” என்று முடித்ததும் பஸ் அதிரச் சிரித்தார்கள். ஜாகிர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். திருநெல்வேலிக்காரரான மாடசாமி மட்டும் உற்றுப் பார்த்தார்.

“என்னவே, ஒமக்கு நீரே சூனியம் வச்சிக்கிட்டீராக்கும்?”

“ஒரு வாட்டி நானும் வாங்கிப் பாக்கறேனே, இன்னா இப்ப?” என்றார் கண்ணையன்.

பொய்க்கு வந்த கேட்டைப் பாருங்கள், அது பலிக்க ஆரம்பித்தது. அவருடைய தொடக்க ஆட்டக்காரருக்குத் தோளில் அடி. நம்பி வைத்திருந்த வேகப்பந்து வீச்சாளர் பாதியில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆல்ரவுண்டர் வருவார், போவார், டக் அடிப்பார். இரண்டாவதாக இருந்த அணி நாலுக்கு வந்து, ஆறுக்கு வந்து, ஏப்ரல் கடைசியில் எட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜாகிரின் கதை நேர்மாறு. மற்றவர்களுக்கு அடிபட அடிபட, பெஞ்சில் இருந்த அவனுடைய கீப்பர்கள் மைதானத்துக்குள் வந்து விளாசத் தொடங்கினார்கள். அவன் மேலே ஏறிக்கொண்டே போனான். கண்ணையன் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் முனவரா உட்கார்ந்திருந்தாள். பார்வதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, நான்தான் அக்காவ இழுத்துக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னிக்கு பிரியாணி கொண்டாந்தப்பவே எங்கிட்ட சொல்லிச்சு. ஒரு மாசமா கெஞ்சி, இன்னிக்குத்தான் வந்துது. மார்ல கட்டி ஒண்ணு இருக்குது. பாண்டிக்குப் போயி டெஸ்ட் எடுக்கணும்னுட்டாங்க. வூட்டுக்காரரு கூட வரணுமாம்.”

கண்ணையனுக்கு முதலில் வந்த நினைப்பே எட்டாவது இடம்தான். தனக்கென்று நினைத்து எழுதினோமே, அது தன்னைத் தாண்டி இவள் மேல் விழுந்துவிட்டதே என்று நினைத்தார். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் நம்பிவிடுவார்கள். இரண்டையும் தாங்குகிற நிலையில் அவர் இல்லை.

பாண்டிச்சேரிக்குப் போய், கட்டியில் ஊசி குத்திச் சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிசல்ட்டுக்கு மறுபடி வரச் சொன்னார்கள். நடுவில் இருந்த நாட்களில் கண்ணையனுக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிவிட்டது. அணி எட்டிலிருந்து ஏழுக்கு ஏறினால்கூடப் போதும், நாக்கு பொய்த்துவிடும், நாக்கு பொய்த்தால் பார்வதிக்கு ஒன்றும் ஆகாது என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. சாமி கும்பிடாத மனுஷன், ஆல்ரவுண்டர் களமிறங்கும்போதெல்லாம் டிவி முன்னால் கையைக் கூப்பினார். ஆளை மாற்றிக்கொள்ளலாமா என்று இளம்பரிதியிடம் போய் நின்றார்.

“மாத்தறதுக்குத் தேதி முடிஞ்சிடுச்சுண்ணே. ரூல நீங்கதான எழுதுனீங்க?”

“எழுதுனது நான்தான்டா, நானே மாத்தறேன். ஒரே ஒரு ஆளு. உனக்கு இன்னா கொறஞ்சி போவுது?” என்று கத்திவிட்டார். இளம்பரிதி திகைத்துப் போனான். விளையாட்டுக்குப் போய் இந்தப் பாடு படுத்துகிறாரே என்று கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாடசாமி அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். என்ன ஏது என்று கேட்டார். கண்ணையன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பார்வதியின் கட்டியிலிருந்து ஜாகிருக்காக எழுதிய பொய் வரைக்கும். கேலி செய்வதற்கென்றே பிறந்த மாடசாமி அன்று வாயைத் திறந்து கேலி செய்யவில்லை.

“நான் சொல்லுதத கேளும். அன்னைக்கு நான் வழுக்கி விழுந்ததுக்கும் உம்ம நாக்குக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது. ஒரு கல்யாணத்துல தண்ணியப் போட்டுட்டு வந்து விழுந்தேன். வீட்டுல தெரிஞ்சா தோலை உரிச்சிருவா. அதான் கண்ணையன் நாக்குன்னு சொல்லி வச்சேன். அவளும் நம்பிட்டா, பஸ்ஸும் நம்பிட்டு, கடைசியில நீரே நம்பிட்டீரே.”

“அப்ப சின்னதுரை?”

“அவன் சங்கதி எனக்குத் தெரியாது” என்றார் மாடசாமி. பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனாலும் கண்ணையனுக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

ரிசல்ட் வாங்கப் போகிற அன்று காலையில் வாட்ஸப் வந்தது. ஐபிஎல்லில் மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, இனி இறுதி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. அதில் ஆடுகிறவர்கள் யாருமே கண்ணையனிடம் இல்லை. எட்டாவது இடம் அவருக்கே உறுதி. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பார்வதியோடு பஸ் ஏறினார். பண்ருட்டியில் பலாப்பழ மூட்டையோடு கூட்டம் ஏறியது. மேல்பட்டாம்பாக்கம் தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. அனலாக அடித்தது. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

“என்னாலதான் பார்வதி. எட்டாவதுன்னு என் பேர நானே எழுதனேன். அதான் உன் மேல வந்துடுச்சு.”

பார்வதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “எப்ப எழுதனீங்க?”

“சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. ஏப்ரல்ல.”

“கட்டி பொங்கலுக்கு முன்னாடியே இருந்துது.”

கண்ணையன் விரலை மடக்கி மாசத்தை எண்ணினார். பொங்கலுக்கு முன்பு ஏது லீக், ஏது கணிப்பு? அப்படியானால் தன் நாக்கு இல்லை. தான் இல்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போல் மூச்சு வந்தது. கேட்டைத் திறந்து பஸ் நகரும் வரைக்கும் அந்த நிம்மதியிலேயே இருந்தார். பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

“பொங்கல்ல இருந்தா? அத்தினி மாசமா ஏன் எங்கிட்ட சொல்லல?”

பார்வதி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட சொன்னா நீங்க எதனா சொல்லிடுவீங்கன்னுதான்.”

“நான் இன்னா சொல்லப் போறேன்?”

“அதான் எனக்குத் தெரியல. நீங்க சொன்னா நடக்கும்னு நீங்களே வந்து வந்து சிரிச்சிகினு சொல்லுவீங்க. இது கெட்ட கட்டின்னு உங்க வாயில வந்துட்டா? பயமா இருந்துது. அதான் மூடி வச்சிட்டேன்.”

கண்ணையனுக்கு வடை, மரியாதை, கேன்டீனில் வெலவெலத்தவர்களின் முகம், எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊரைப் பயம் காட்டிய வாய்க்கு முதலில் பயந்தவள் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். முனவரா மட்டும் இழுத்துக்கொண்டு போகாவிட்டால் இன்னும் எத்தனை மாசம் போயிருக்குமோ. நெல்லிக்குப்பம் வந்தது, கடலூர் வந்தது, அவர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் அப்படி உட்காருவது கல்யாணமான புதிதில்கூட நடந்ததில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது பார்வதி திடீரென்று கேட்டாள்.

“இப்ப சொல்லுங்க. இன்னா வரும்?”

“வேணாம் பார்வதி.”

“சொல்லுங்க. எவனெவனோ எந்தெந்த எடம்னு நின்னுகினு வாசிக்கறீங்க இல்ல? எனக்கு ஒண்ணு சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது. நெஜமாவே ஒண்ணுந்தெரியாது எனக்கு.”

“தெரியலன்னாலும் சொல்லுங்க.”

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “ஒண்ணும் இருக்காது” என்றார். எதை வைத்துச் சொல்கிறார்? எதையும் வைத்து இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னார். பார்வதி தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே இருந்த டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “புத்துநோய் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். அப்பப்ப வந்து காமிச்சிகிட்டா போதும். ஆனா இனிமே இப்படி மாசக்கணக்கா வச்சிகிட்டு இருக்காதீங்க.” பார்வதி நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். டாக்டரம்மா இன்னொரு தடவை சொன்னார். கண்ணையன் மூன்றாவது தடவையும் கேட்டார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், இது சந்தோஷத்தில் வருகிற அழுகை என்று. அழுது முடித்ததும் பார்வதி, “பசிக்குது” என்றாள். ஓட்டலில் உட்கார்ந்து இரண்டாவது முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டுப் பல மாசமாயிற்று என்பது கண்ணையனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டுக்கொண்டே ஜாகிருக்குப் போன் போட்டார். மெடிக்கலில் பாஸ் ஆகிவிட்டதாக அவன் கத்தினான். முனவரா போனைப் பிடுங்கி அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் என்ன கேட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அடுத்த சீசனில் பஸ்ஸில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது கண்ணையன் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் விடவில்லை. வாசித்தார், எட்டில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. அவருக்கு அது பற்றி வெட்கம் எதுவும் இல்லை. வடை மட்டும் வரிசைப்படிதான் கிடைக்கிறது.

போன வாரம் அவர் ஷிஃப்டில் இருக்கும்போது பார்வதியிடமிருந்து போன் வந்தது. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னா இன்னா என்று மூன்று தடவை கேட்டார்.

“முட்டி வலிக்குதுங்க. காலைல எழுந்திரிக்கறப்பவே ஆரம்பிச்சிடுச்சு. அதான் சொல்லிடலாம்னு போட்டேன்.”

பெண்டாட்டிக்கு முட்டி வலி என்று கேட்டதும் ஒரு மனுஷனுக்கு முகமெல்லாம் பூரிக்கலாமா? கண்ணையனுக்குப் பூரித்தது. “சாயந்திரம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறேன், நடந்துகினு இருக்காத, உக்காரு” என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.